மூன்றாவது தெரிவு

மல்லாவிச் சங்கத்துக் கணக்கறையில்
ஒரு கொம்பியூட்டர். அதற்குள்
ஒரே சொஃப்ட்வெயர், மூன்று வயதில்.
நாலு என்ற ஐகனை அழுத்தினால்
இரண்டு எழும்புகிறது.
இரண்டை அழுத்தினால்
நீல வளையம் மட்டும் சுற்றிச் சுற்றி
அதுவும் களைத்து நின்றுவிடுகிறது.

"முந்தநாள் வரைக்கும் ஓடினது தங்கச்சி"
என்கிறார் மதனரூபன்.
நேற்று என்ன செய்தனீங்கள்?
ஒன்றும் செய்யேல்லையாம்.
பிளேன்ரி வந்தது. அரைக்கோப்பை குடித்தபிறகு
திணைக்களத்துப் பெடியன் ஒருத்தன் வந்து
மூன்றைக் கழற்றிக்கொண்டிருக்க கரண்ட் போய்,
கரண்ட் வர நாலைப் போட்டுவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினவன் என்று
மெல்லச் சொன்னார்.

வெளியே நெல் லொறி மூன்று.
ரசீது இல்லாமல் தராசைவிட்டு மூட்டை அசையாது.
ட்ரைவர்மார் என் மோட்டார்சைக்கிளில்
வரிசையாகச் சாய்ந்து நிற்கிறார்கள்.

பெட்டியைத் திறந்து தூசு ஊதவில்லை.
உடம்பில் ஒன்றுமில்லை, விலாசத்தில்தான் குழப்பம்.
நாலு தன் துண்டொன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது;
பாதைவரிசையில் முன்னுக்கு நிற்கிறது
இரண்டின் கோப்புறை;
முதலில் அகப்பட்டவனைக் கூட்டிக்கொண்டு
மெஷின் திரும்பிவிடுகிறது.
பெயர் அதேதான். ஆள் வேறு.
பிரிண்டரோ
பாதி போய்விட்ட மூன்றைப் பார்த்தபடி
பேசாமல் இருக்கிறது.

சுகமான வேலை:
பழசைக் கழற்று, மிச்சத்தைத் துடை,
தரவை நாலில் ஏற்று, காசை வாங்கு.
அப்படித்தான் தொடங்கினேன்.
பிரதி எடுத்தேன். ஏற்றினேன்.
ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு அங்கத்தவர்களில்
நாற்பத்தொரு பேரை நாலு எடுக்க மறுத்தது.
செல்லாத பெறுமதி.
செல்லாத பெறுமதி.
செல்லாத பெறுமதி.

அந்தக் கட்டத்தின் பெயர் நிலை.
நாலு ஏற்பது இரண்டே சொல்:
உயிருடன். இறந்தவர்.
இரண்டில் மூன்றாவது ஒன்று இருக்கிறது.
இந்த அறைக்குக் கூரைத்தகரம் வராத
இரண்டாயிரத்துப் பதினொன்றில்
யாரோ மெனக்கெட்டுச் சேர்த்திருக்கிறார்கள்:
தகவல் இல்லை.

மதனரூபன் என் தோளுக்கு மேலால் வாசித்தார்.
0388. பங்கு ஐந்து.
0412. பங்கு இரண்டு.
"இவரின்ர மனிசி ஒவ்வொரு மாசமும் வந்து
இவரின்ர பேரில சந்தா கட்டுறவ.
பிந்தினதில்லை."
பிறகு கேட்டார்:
"ஒண்டைத் தெரியத்தான் வேணுமோ?"
"நாலுக்கு வேணும்."
"நான் தெரியமாட்டன்."
சுட்டி என் கைக்குள் இருந்தது.
தள்ளி வைத்தேன்.

பிறகு நடந்தது வெறும் வேலை.
அரைகுறையாய்க் கழன்றதை முழுதாய்க் கழற்ற
முதலில் அதை முழுதாய்ப் போடவேண்டும்.
மூன்றைப் போட்டேன், கழற்றினேன்.
இரண்டுக்கு ஒரு வளவு, நாலுக்கு ஒரு வளவு,
நடுவில் வேலி.
பொதுப்பாதையிலிருந்து இரண்டு பெயரையும் எடுத்தேன்.
இனி அதது தன் துண்டைத்
தன் வளவுக்குள் தேடட்டும்.
பிரிண்டர் இரண்டுதரம் இருமி
ரசீதைத் துப்பியது.
வெளியில் யாரோ விசிலடித்தார்கள்.

நாலில் ஆயிரத்து நூற்று எழுபத்தேழு பேர்.
இரண்டில் நாற்பத்தொரு பேர்.
மாத முடிவில் இரண்டையும்
மதனரூபன் கையால் கூட்டவேண்டும்.
கூட்டுவார்.

பில்லில், பழுது என்ற இடத்தில்
கனநேரம் பேனையை வைத்திருந்தேன்.
நீக்கப்பட்டது என்று எழுதலாமா?
விட்டுவிட்டேன்.
பெடியன் திரும்பவும் வருவான் என்பதால்
வேறொரு தாளில் பெரிதாய் எழுதினேன்:
இரண்டைக் கழற்றாதே.
மொனிட்டரில் ஒட்ட ரேப் இல்லை, பசை இல்லை.
மதனரூபன் மத்தியானப் பார்சலை அவிழ்த்து
நாலு பருக்கை சோறு தந்தார்.